விரலை எடுத்தால் மோட்டார் நிற்கிறது, காயிலை மாற்றலாமா?

ஐடிஐ எலக்ட்ரீஷியன் மாணவர் ஒருவர் கேட்கிறார்: “எங்கள் கிணற்றில் 5 எச்பி த்ரீ பேஸ் மோட்டார், டிஓஎல் (மோட்டாரை நேரடியாக லைனில் இணைக்கும்) ஸ்டார்ட்டர். பச்சை பட்டனை அழுத்திப் பிடிக்கும் வரை ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. காயில் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். டெஸ்டர் எல்லா முனையிலும் எரிகிறது. எங்கே தேடுவது?”

காயிலுக்குச் செலவழிக்க வேண்டாம், தம்பி. பட்டனை அழுத்தியதும் கான்டாக்டர் (காயில் காந்தமாகி இழுத்து மூடும் சுவிட்ச்) இழுக்கிறது என்றால் காயில், ஸ்டாப் பட்டன், ஓவர்லோட் ரிலேயின் (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் பாதுகாப்பு) 95-96 எண் முனைகள் எல்லாம் சரி. வோல்டேஜ் குறைவு என்றும் சொல்ல முடியாது. கான்டாக்டர் இழுப்பதற்குத்தான் அதிக வோல்டேஜ் வேண்டும் (415 வோல்ட் காயிலுக்குச் சுமார் 353 வோல்ட் வரை தேவைப்படலாம்), பிடித்து நிற்க அதைவிடக் குறைவே போதும். மிஞ்சுவது ஸ்டார்ட் பட்டனுக்குப் பேரலலாக வந்து, விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் விடும் ஹோல்டிங் கான்டாக்ட் (முனை எண் 13-14), அதன் இரண்டு வயர்கள். எண் அழிந்திருந்தால் ஸ்டார்ட் பட்டனிலிருந்து கிளம்பும் வயர்களைப் பிடித்துக்கொண்டே போங்கள்.

டெஸ்டர் ஏன் எல்லா இடத்திலும் எரிகிறது? 415 வோல்ட் காயில் இரண்டு பேஸுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. திறந்த கான்டாக்டின் ஒரு பக்கம் ஆர் பேஸ், மறுபக்கம் காயில் வழியே திரும்பி வரும் பி பேஸ். இரண்டிலும் எரியத்தான் செய்யும். கன்ட்ரோல் சர்க்யூட்டில் டெஸ்டரை நம்பிப் பழுது தேடாதீர்கள்.

மல்டிமீட்டரை ஏசி 750-ல் வைத்து, மோட்டார் ஓடாமல் இருக்கும்போதே 13-க்கும் 14-க்கும் நடுவே பாருங்கள். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், இது உயிருள்ள லைன். 415-ஐ ஒட்டிக் காட்டினால் வயர் இரண்டும் சரி, கான்டாக்ட்தான் சேரவில்லை. பூஜ்யமோ, நிலையில்லாமல் அலையும் சின்ன எண்ணோ வந்தால் ஒரு வயர் அறுந்திருக்கிறது அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

கான்டாக்ட் என்று தெரிந்தால் ஐசோலேட்டரை (மெயின் சுவிட்சை) அணைத்து, சப்ளை இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு, 13-லிருந்து வயரைக் கழற்றுங்கள். மீட்டரைக் கன்டின்யூட்டிக்கு (பீப் அடிக்கும் இடத்துக்கு) மாற்றி, கான்டாக்டரைக் கையால் அமுக்கினால் 13-14 பீப் அடிக்க வேண்டும். அடிக்கவில்லையா? தோட்டத்து ஸ்டார்ட்டரில் எறும்பும் பல்லியும் சகஜம், முதலில் சுத்தம் செய்யுங்கள். கரிந்திருந்தால் அந்த கான்டாக்ட் பிளாக்கையே மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முனை சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அவசரத்துக்கு ஸ்டார்ட் பட்டனில் வயரைக் குறுக்கே போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். போன கரண்ட் திரும்பி வந்தால் மோட்டார் தானாகவே ஓடும். அந்த நேரம் ஒருவர் அதில் கை வைத்திருக்கலாம்.

வேலை முடிந்ததும் மோட்டாரை ஓடவிட்டு மெயினை அணைத்து, மறுபடி போடுங்கள்: பட்டனைத் தொடாமல் ஓடக்கூடாது. மறுபடி ஓட்டி, ஓவர்லோட் ரிலேயின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் கான்டாக்டர் உடனே விட வேண்டும்.