2018-இல் ஆல்ப்ஸ் மலையில் விழுந்த சுவிஸ் ‘யூ அத்தை’ விமானம் என்ன ஆனது? சரிசெய்து மறுபடி பறக்கவிட முடியாதா?

முடியாது. விழுந்த விமானத்தில் சரிசெய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. அது விழுந்ததால், விழாமல் இருந்த அதன் இரண்டு உடன்பிறப்புகளும் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. நீங்கள் கேட்டதைவிட அந்தப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வேலை நிமித்தம் சூரிக் பக்கம் சில வருடங்கள் இருந்தேன். வீட்டிலிருந்து டூபன்டோர்ஃப் விமானத்தளம் பக்கம்தான். கோடையில் சனிக்கிழமையானால் இந்த விமானங்களின் சத்தம் வந்துவிடும். ஜெட் மாதிரி சட்டென்று கிழித்துக்கொண்டு போகாது. மூன்று டிராக்டர் சேர்ந்து வயல் உழுகிற மாதிரி நிதானமாக, ரொம்ப நேரம் கேட்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்துவிட்டு, “என்னடா இது, தகரக் கொட்டாய்க்கு றெக்கை முளைச்ச மாதிரி இருக்கு!” என்றார்.

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. யூ-52 என்பதுதான் இந்த விமான வகையின் பெயர். அதன் உடம்பும் இறக்கையும் முழுக்க நெளிநெளியான அலுமினியக் கலவைத் தகடு. அழகுக்காக அல்ல. மெல்லிய தகட்டை நெளித்துவிட்டால் எடை கூடாமல் விறைப்பு கூடும். நம் ஊர்க் கூரைத் தகரத்துக்கும் அதே கணக்குதான்.

ஜெர்மனியின் யுங்கர்ஸ் ஆலை செய்த இந்த விமானங்களில் மூன்றை 1939-இல் சுவிஸ் விமானப்படை வாங்கியது. சண்டை போட அல்ல, எடுபிடி வேலைக்கு. ஆள் ஏற்ற, சரக்கு ஏற்ற, பயிற்சி கொடுக்க என்று 40 வருடத்துக்கு மேல் உழைத்தன. 1980-களின் தொடக்கத்தில் படை அவற்றுக்கு ஓய்வு கொடுத்ததும், பழைய விமானங்கள்மீது பித்துப் பிடித்தவர்கள் யூ-ஏர் என்ற பெயரில் அவற்றை எடுத்து, டிக்கெட் போட்டு மலைமேல் சுற்றிக்காட்ட ஆரம்பித்தார்கள். ஒரு தடவைக்கு 17 பேர். எல்லோருக்கும் ஜன்னல் சீட். ஜெர்மன்காரர்கள் வைத்த செல்லப் பெயர்தான் ‘டான்ட்டே யூ’, அதாவது யூ அத்தை.

விழுந்தது எச்பி-எச்ஓடி என்ற பதிவெழுத்துகள் கொண்டது. 2018 ஆகஸ்ட் 4, நல்ல வெயில் நாள். தெற்கே லொகார்னோவிலிருந்து டூபன்டோர்ஃபுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மாலை 5 மணிக்குச் சற்று முன், பிட்ஸ் செக்னாஸ் சிகரத்தின் கீழே கிண்ணம் போன்ற ஒரு மலைக்குழிக்குள் தாழப் பறந்து நுழைந்து, ஒருபக்கம் சாய்ந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுந்தது. பயணிகள் 17, ஊழியர்கள் 3. ஒருவரும் பிழைக்கவில்லை.

கருப்புப் பெட்டி கிடையாது. எனவே விசாரணைக்காரர்கள் இறந்துபோனவர்களின் கேமராக்களிலும் போன்களிலும் இருந்த படங்களையும், அன்று கீழே இருந்தவர்கள் எடுத்த படங்களையும் வைத்து விமானம் போன பாதையைக் கணக்கிட்டார்கள். ஜன்னல் வழியே மலையைப் படம் எடுத்தவருக்கு, தான் சாட்சியம் பதிவு செய்கிறோம் என்று எப்படித் தெரியும்? இதை முதலில் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

2021 ஜனவரியில் வந்த இறுதி அறிக்கை சுற்றிவளைக்காமல் சொன்னது: காரணம் விமானிகள் பறந்த விதம். குறுகலான பள்ளத்துக்குள், திரும்பி வெளியேற இடம் விடாமல், அந்தச் சூழலுக்குப் போதாத வேகத்தில், தாழப் போயிருக்கிறார்கள். மலைச்சரிவில் காற்று மேலும் கீழுமாகப் புரளும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இருவருமே விமானப்படையில் பழகிய கைகள். போதாக்குறைக்கு எடைமையம், அதாவது விமானத்தின் எடை சமன்படும் புள்ளி, வால்பக்கமாக வரம்பைத் தாண்டியிருந்தது. இது அன்று ஒருநாள் நடந்த சறுக்கலும் அல்ல; முந்தைய பல பறப்புகளிலும் விதிகளை மீறித் தாழப் பறக்கும் பழக்கம் இருந்தது ரேடார் பதிவுகளில் தெரியவந்தது.

இனிதான் உங்கள் கேள்விக்கான இடம். சிதைந்த பாகங்களை ஆராயப் போன இடத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. இறக்கைக்கு உள்ளே ஓடும் குழாய்ச் சட்டங்களில் அரிப்பு, விரிசல். வெளியே தகடு பளபளவென்று இருக்கிறது, உள்ளே உளுத்திருக்கிறது. முழுக்கப் பிரித்தால் ஒழிய எந்தப் பராமரிப்புக்காரர் கண்ணுக்கும் எட்டாத இடங்கள் அவை. இதனால் விமானம் விழவில்லை என்றும் அறிக்கை தெளிவாகவே சொல்கிறது. ஆனால் விழுந்து உடைந்திருக்காவிட்டால் இது தெரிந்திருக்காது. அடிபட்டவருக்கு ஸ்கேன் எடுக்கப் போய், சம்பந்தமே இல்லாத வேறு நோய் தெரிய வந்து, பிறகு குடும்பம் முழுக்க டெஸ்ட் எடுக்க ஓடுவோமே, அந்தக் கதைதான்.

கூடப் பிறந்த மற்ற இரண்டுக்கும் அதே வயது, அதே பராமரிப்பு. 2018 நவம்பரில் இரண்டையும் நிறுத்தினார்கள். 2019 மார்ச்சில், காசு வாங்கிப் பயணிகளை ஏற்றும் வேலை இனி கிடையாது என்று சுவிஸ் சிவில் விமானத் துறை சொல்லிவிட்டது. அந்தத் துறையின் கண்காணிப்பே சரியில்லை என்று விசாரணை அறிக்கை பிறகு அதற்கும் ஒரு குட்டு வைத்தது. பிரித்துச் சரிசெய்து மறுபடி பறக்கவிடுவோம் என்று யூ-ஏர் திட்டம் போட்டது. ஆனால் டிக்கெட் வாங்கி ஏறும் காலம் திரும்பவில்லை. ஜெர்மனியில் லுஃப்தான்சா வைத்திருந்த 1936-ஆம் வருட யூ-52-உம் 2019-இல் நின்றுபோனது.

“அரிப்பு காரணமில்லை என்கிறீர்கள், பிறகு ஏன் மற்றதை நிறுத்த வேண்டும்?” என்று விமானப் பைத்தியமான நண்பர் ஒருவர் இன்றும் என்னோடு சண்டை போடுவார். நிறுத்தியது சரி என்பதுதான் என் கட்சி. தனியாக ஒரு விமானி தன் உயிரைப் பணயம் வைத்து ஓட்டினால் அது அவர் பாடு. பிறந்தநாள் பரிசாக டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு, இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது என்பது தெரியுமா? சரிசெய்வதும் சும்மா ஒட்டுப்போடும் காரியமல்ல. எல்லாச் சட்டங்களையும் புதிதாகச் செய்ய வேண்டும். செய்த ஆலையோ இன்று இல்லை.

யூ-52 ஒன்றைக் கிட்டத்தில் பார்க்க ஆசையென்றால் ஜெர்மனியில் சின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கூரைமேலேயே தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போன வருடம் அங்கே ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “கொட்டாயைக் கொண்டுபோய் மொட்டை மாடியில வெச்சுட்டாங்களா?” என்று பதில் வந்தது.