டர்பனில் குடியேற வரும் தமிழ்க் குடும்பத்துக்கு எந்தப் பகுதி ஏற்றது?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருகிறீர்கள். கணவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய மேடன் வார்ஃபில் வேலை. மகளுக்குப் பதின்மூன்று வயது, ஏழு வயது மகனுக்கு மூச்சிரைப்பு உண்டு. இப்போதைக்கு ஒரு கார்தான் வாங்க முடியும். இந்த நிலையில் உம்லாங்காவில் கடல் தெரியும் அடுக்ககத்தில் குடியேறுவதா, நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்துக்குப் போவதா என்று கேட்கிறீர்கள். நான் திருமணமாகி இந்நகரத்துக்கு வந்தவள்; பல ஆண்டுகளாக ரிசர்வாயர் ஹில்ஸில் வசிக்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு அந்த இரண்டில் எதையும் நான் முதலாவதாகச் சொல்ல மாட்டேன். பெரீயா மேட்டின் மேல் மஸ்கிரேவ், ஓவர்போர்ட், கிளென்வுட் என்று அடுத்தடுத்து இருக்கும் பகுதிகளில் வாடகைக்கு வீடு தேடுங்கள் என்பதே என் பதில். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டர்பன் சென்னையைப் போலச் சமதரையில் பரந்த ஊர் அன்று. கடற்கரையும் துறைமுகமும் பழைய நகர மையமும் தாழ்வில் இருக்க, அவற்றுக்குப் பின்னால் கடற்கரைக்கு இணையாக ஒரு நீண்ட மேடு எழுகிறது, அதுதான் பெரீயா. கோடையில், அதாவது டிசம்பர் முதல் மார்ச் வரை, கீழே புழுக்கம் தாங்க முடியாதபோதும் மேட்டின் மேல் கடற்காற்று கிடைக்கும். வெயிலும் வேர்வையும் சென்னைவாசிக்குப் புதிதல்ல என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மின்விசிறிக் கொக்கிகூட இல்லாத கூரைகளைக் கொண்டவை என்பதால், காற்று வரும் திசையில் சன்னல் இருக்கிறதா என்பது முக்கியம். கடலை ஒட்டிய அடுக்ககங்களில் உப்புக்காற்று கதவுக் கீல், குளிர்பதனி, கார் என எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். பெசன்ட் நகரில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்ததாகச் சாலை. டர்பன் துறைமுகம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பரபரப்பான துறைமுகங்களுள் ஒன்று. கொள்கலன் முனையத்துக்குப் பேஹெட் சாலை வழியாகவே லாரிகள் செல்ல வேண்டியிருப்பதால், அங்கே ஏதாவது தடங்கல் ஏற்பட்டால் சவுத் கோஸ்ட் சாலையிலும் சாலமன் மஹ்லாங்கு சாலையிலும் லாரிகள் வரிசையாக நின்றுவிடும். சாட்ஸ்வொர்த்திலிருந்து துறைமுகம் வருபவர் பெரும்பாலும் இந்த வரிசையோடுதான் போராட வேண்டும். உம்லாங்காவிலிருந்து வருபவருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கிளென்வுட்டோ மேடன் வார்ஃபுக்கு நேர் மேலே இருக்கிறது. லாரிச் சாலைகளைத் தொடாமலேயே உங்கள் கணவர் இறங்கிப் போய்விடலாம். ஒரே கார் உள்ள வீட்டில் இது சிறிய சலுகை அன்று, ஏனெனில் இங்கே பொதுப் போக்குவரத்தை நம்பிக் குழந்தைகளின் நாளைத் திட்டமிட இயலாது. உள்ளூர்வாசிகளைச் சுமக்கும் மினிபஸ் டாக்சிகள் முதன்மைச் சாலைகளில் விரைவாகவும் மலிவாகவும் கிடைத்தாலும், குடியிருப்புத் தெருக்களுக்குள் அவை வருவதில்லை. ரயிலைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இந்நகரத்தில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானித்தது நிலத்தின் இயல்பு மட்டுமல்ல. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறியபின் கேட்டோ மேனர், கிளேர்வுட் போன்ற இடங்களில், அதாவது நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் அருகிலேயே, காய்கறித் தோட்டம் போட்டும் வீடு கட்டியும் வாழ்ந்தார்கள். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை அகற்றி, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கும் 1976 முதல் பீனிக்ஸுக்கும் அனுப்பியது. மேடும் கடற்கரையும் வெள்ளையர் கையில் தங்கின. சட்டம் 1991இல் நீக்கப்பட்டுவிட்டது. தொலைவுகளோ அப்படியே இருக்கின்றன. ஒருவர் தினமும் எவ்வளவு நேரம் சாலையில் செலவிடுகிறார் என்பது இன்றைக்கும் அந்த வரைபடத்தின்படிதான் பெரும்பாலும் அமைகிறது. நீங்கள் புதிதாக வருகிறவர்; அந்த வரைபடத்துக்குள் உங்களை நீங்களே அடைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

மகனுக்கு மூச்சிரைப்பு என்பதால் துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள மெரேபேங்க், வென்ட்வொர்த், ப்ளஃபின் சில பகுதிகள் ஆகியவற்றை நான் தவிர்ப்பேன். நம்மவர்கள் மெரேபேங்கில் நிறைய இருக்கிறார்கள், வாடகையும் குறைவு, கணவரின் வேலையிடமும் தொலைவில் இல்லை. ஆகவே யாராவது அதைப் பரிந்துரைப்பார்கள். இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ஒரு பெரிய காகித ஆலைக்கும் நடுவே வளர்ந்த பகுதி அது. 2000களின் தொடக்கத்தில் அங்குள்ள செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆஸ்துமா இருப்பது தெரியவந்தது. எங்கென் ஆலையில் 2020 டிசம்பரில் வெடிவிபத்து நேர்ந்தது. சாப்ரெஃப் ஆலை 2022இல் இயக்கத்தை நிறுத்தியது. இரண்டிலும் இப்போது சுத்திகரிப்பு நடப்பதில்லை என்பது நல்ல செய்திதான். ஆயினும் சேமிப்புத் தொட்டிகளும் பிற தொழிற்சாலைகளும் லாரிப் புகையும் அங்கேயே இருக்கின்றன.

உம்லாங்காவை நான் குறைத்துப் பேசவில்லை. கரும்பு விளைந்த மேட்டில் 2001இல் கேட்வே வணிக வளாகமும், வடக்கே லா மெர்சியில் 2010இல் கிங் ஷாகா விமான நிலையமும் வந்தபின், நகர மையத்திலிருந்த அலுவலகங்கள் பல அங்கே குடிபெயர்ந்தன. இந்தியாவிலிருந்து அண்மையில் வந்த கணினித் துறையினரும் மருத்துவர்களும் அங்குள்ள காவல் வாசல் கொண்ட அடுக்ககங்களில் வாழ்கிறார்கள். கணவரின் வேலை அங்கே இருந்திருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன். இப்போதைய நிலையில், வாடகையை அதிகமாகக் கொடுத்துவிட்டு, தினமும் வேலைக்கு எதிர்முனையில் வாழ்வதாக முடியும். கடலைப் பற்றியும் ஒரு சொல்: 2021 ஜூலையில் உம்லாங்காவை அடுத்த கார்னூபியாவில் ஒரு வேதிப்பொருள் கிடங்கு எரிந்து, நச்சுநீர் ஓடை வழியாகக் கடலில் கலந்ததால் அவ்வட்டாரக் கடற்கரைகள் மூடப்பட்டன, 2022 வெள்ளம் கழிவுநீர் நிலையங்களைச் சிதைத்தபின் நகரத்தின் பல கடற்கரைகளில் குளிக்கத் தடை போட்டும் நீக்கியும் வந்தார்கள். சன்னலிலிருந்து தெரியும் கடலுக்கு மாதந்தோறும் பணம் கட்டுவதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் மஸ்கிரேவிலிருந்து காரில் இறங்கிப் போய் வடக்குக் கடற்கரையில் நடந்துவிட்டு வருவது மேல்.

இனி சாட்ஸ்வொர்த். தமிழ்ச் சூழல் வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அங்கே தெருவுக்குத் தெரு முருகனையும் மாரியம்மனையும் காணலாம். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவார்கள், புரட்டாசியில் அசைவம் தொடாத வீடுகள் ஏராளம், தைப்பூசக் காவடியின் கூட்டத்தைப் பார்த்தால் ஊர் நினைவு வந்துவிடும். அண்டை வீட்டாரின் அன்புக்கும் குறைவிராது. வந்த வாரமே யாராவது ஒரு ஆன்ட்டி பிரியாணிப் பாத்திரத்தோடு கதவைத் தட்டுவார். ஆனால் தமிழ்ப் பேச்சை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். நான்காம், ஐந்தாம் தலைமுறைக் குடும்பங்களின் வீட்டுமொழி ஆங்கிலம். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்து உருக்கமாகப் பாடுபவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். சில பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக உண்டு, தமிழ்ச் சங்கங்களும் வகுப்பு நடத்துகின்றன; அவற்றுக்கு எந்தப் பகுதியிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். கோயிலும் அப்படித்தான். ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ஐசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கு நகரம் முழுவதிலிருந்தும் மக்கள் போகிறார்கள். பெரிய வெள்ளியன்று தீமிதி நடக்கும் கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயம் மேட்டுப் பகுதியிலிருந்து சில நிமிடத் தொலைவுதான். பண்பாட்டுக்காகச் சாட்ஸ்வொர்த்தில் வாழ்ந்தே ஆக வேண்டியதில்லை. வார இறுதியில் அது எப்போதும் உங்களுக்குத் திறந்தே இருக்கும். சொந்த வீடு வாங்கும் எண்ணம் வந்தால், அப்போது வெஸ்ட்கிளிஃப், சில்வர்க்ளென் பக்கம் நிதானமாகப் பாருங்கள்.

பீனிக்ஸ் உங்களுக்கு எதிர்த்திசை என்பதால் அதிகம் சொல்லப் போவதில்லை. முன்னாள் அதிபர் ஜூமா சிறை சென்றதை அடுத்து மூண்ட 2021 ஜூலைக் கலவரத்தின்போது அங்கே முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்தக் காயம் ஆறிவிட்டது என்று யாரும் உங்களிடம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. வெஸ்ட்வில் நல்ல பள்ளிகளும் மரங்களும் உள்ள பகுதி. இரண்டு கார் இருப்பவர்களுக்குப் பொருந்தும். நான் வசிக்கும் ரிசர்வாயர் ஹில்ஸ் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தை ஒட்டியது, அமைதியானது. ஆனால் செங்குத்தான சரிவுகளில் கடைக்குக்கூட நடந்து போக முடியாது, கார் பழுதானால் வீட்டுச் சிறைதான்.

சரிவு என்றதும் மழையைச் சொல்லியாக வேண்டும், வீடு பார்க்கும்போது முகவர்கள் ஒருபோதும் வாய் திறக்காத விஷயம் இதுதான். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நகரத்தின் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆற்றோரத்தில் இருந்தவை மட்டும் போகவில்லை. சரிவை வெட்டியும் நிரப்பியும் கட்டப்பட்ட வசதியான வீடுகள் பலவும் மண்ணோடு சரிந்தன. இங்குள்ள சிவந்த மணல் காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தோன்றும், நீர் ஊறினால் கரைந்து ஓடும். ஆகவே வீட்டின் பின்புறத் தடுப்புச் சுவரில் விரிசல் இருக்கிறதா, அதில் நீர் வடியும் துளைகள் உண்டா, மேல்வீட்டின் மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதைப் பாருங்கள். அம்பலவாணர் ஆலயமே முதலில் உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்து, 1905 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, 1947இல் இப்போதைய இடத்தில் எழுந்ததுதான். நகரின் வடக்கே, அதே 2022 வெள்ளம் டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அழித்ததால் அவ்வூர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. எந்தப் பகுதியானாலும் குடிநீர் எத்தனை முறை நிற்கிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வளாகத்தில் ஜோஜோ தொட்டி, அதாவது தண்ணீர் சேமிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, இருந்தால் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

மேட்டிலும் எல்லாத் தெருக்களும் ஒன்றல்ல. கிளென்வுட்டில் பழைய மரத்தரை வீடுகள் அழகானவை, பள்ளிகள் அருகில், ஆனால் வீடு புகுந்து திருடுவது உண்டு. தனி வீட்டைவிட வாசற்காவல் உள்ள அடுக்ககமே புதியவர்களுக்கு நல்லது. பழைய தரைவிரிப்பும் ஈரச்சுவரும் உள்ள வீடு மகனுக்கு ஆகாது, அதையும் பாருங்கள். ஓவர்போர்ட்டில் மளிகை, மசாலா, மருத்துவமனை எல்லாம் நடைதூரத்தில் கிடைக்கும், நெரிசலும் உண்டு. மஸ்கிரேவ் இரண்டுக்கும் நடுவில்; வாடகை சற்றுக் கூடுதல். உம்பிலோ மலிவு, ஆனால் கீழ்ப்பகுதி லாரிச் சாலைக்கு அருகே வந்துவிடும். பகலில் பார்த்த தெருவை இரவு எட்டு மணிக்கு ஒருமுறை காரில் சுற்றிப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

கடைசியாகப் பள்ளி, ஏனென்றால் உங்கள் கால அட்டவணையை உண்மையில் தீர்மானிக்கப் போவது அதுதான். இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மகள் சேர வேண்டியது உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான எட்டாம் வகுப்பாக இருக்கும், அதற்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நல்ல அரசுப் பள்ளிகளும் கட்டணம் வாங்குபவையே. அவை சுற்றுவட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை தருகின்றன, முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கின்றன. இரண்டாம் மொழியாகப் பெரும்பாலும் ஆஃப்ரிக்கான்ஸ் அல்லது ஜுலு படிக்க வேண்டியிருக்கும் என்பதால், புதிதாகச் சேரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று விசாரியுங்கள். எனவே முதலில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் எல்லைக்குள் வீடு தேடுங்கள். ஒப்பந்தம் உங்கள் கணவரின் பெயரில் இருக்கட்டும், நிறுவனத்தின் பெயரில் வேண்டாம். முன்பணத்தை வட்டி வரும் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதும், குடிபுகும்போதும் காலி செய்யும்போதும் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைச் சோதிக்க வேண்டும் என்பதும் இந்நாட்டு வாடகைச் சட்டம். அந்த முதல் சோதனையின்போது ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, தேதியோடு உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.