மொடக்குறிச்சியை விட்டுவிட்டு உத்திரமேரூருக்குப் போன கதை

கேள்வி: சட்டமன்றம், தேர்தல் பற்றிய பாடங்களை நடத்துவதற்கு ஆசிரியர்களுக்குத் தரும் பயிற்சிகளில் உங்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டது எது?

ஈரோட்டுக்குத் தெற்கே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை எத்தனை பயிற்சிக்குப் போயிருக்கிறேன் என்று கேட்டால் கணக்குத் தெரியாது. மனதில் நின்றது எத்தனை என்று கேட்டால் உடனே சொல்வேன்: இரண்டு. அதில் ஒன்று கல்வித்துறை நடத்தியதே இல்லை.

நிற்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ‘தேர்தல், அரசியல் கட்சிகள் மற்றும் அழுத்தக் குழுக்கள்’ என்று ஒரு பாடம். அதையும் சேர்த்து இரண்டு நாள் பயிற்சி போட்டார்கள். கருத்தாளர் ஸ்லைடைப் போடுவார், அதில் இருப்பதை அவரே வாசிப்பார், அடுத்த ஸ்லைடு. உத்திரமேரூர் கல்வெட்டுக்கு மட்டும் நாற்பது நிமிஷம். குடம், ஓலை, கையை விட்டு எடுக்கும் சிறுவன் என்று படமெல்லாம் அழகாகத்தான் இருந்தது. ‘உலகத்துக்கே தேர்தலைச் சொல்லிக்கொடுத்தது நாம்தான்’ என்றார். கைதட்டினோம். மதியம் தக்காளி சாதம், தயிர் சாதம். நாலு மணிக்குக் கையெழுத்து.

குடவோலையைக் குறை சொல்லவில்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஒரு ஊர்ச்சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த விதிகளை முழுதாக வாசித்துக் காட்ட வேண்டாமா? கால் வேலி நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பு வேறு. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வீட்டு ஆட்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கவே போயிருக்காது. பெண் என்பதால் என் பெயரும்தான். இதைச் சொன்னால் பாடம் சுவையாகும். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. நாங்கள் உட்கார்ந்திருந்த அறையிலிருந்து மொடக்குறிச்சி அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் 1033 பேர் போட்டியிட்ட தொகுதி. வாக்குச்சீட்டைத் தாளாக அடிக்க முடியாமல் புத்தகமாகவே அடித்தார்கள். அதற்காகத் தேர்தலையே தள்ளி வைத்தார்கள். இரண்டு நாளில் அந்த ஊர்ப் பெயர் ஒரு முறைகூட வரவில்லை.

சரி, எனக்கு மட்டும் நினைவு வந்ததா என்றால் அதுவும் இல்லை. பயிற்சி முடிந்து வந்து அதே ஸ்லைடுகளை வைத்து நானும் உத்திரமேரூரையே நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன், “டீச்சர், எங்க அப்பாரு எலெக்சன்ல நின்னவருங்க” என்றான். அப்பாரு என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா. எந்தக் கட்சி என்றேன். “கச்சியெல்லாம் இல்லீங். ஆயிரம் பேர்த்தோட நின்னாருங்க.”

அடுத்த வாரம் அந்தப் பெரியவரைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை. “ஏனுங் டீச்சரம்மா, நானு என்னத்தெப் பேசறது” என்று வாசலிலேயே நின்றார். நாற்காலி போட்டதும் சரளமாக வந்துவிட்டது. “செயிக்கறதுக்கா நின்னோம்? வெவசாயி சொல்றது ஒருத்தரு காதுலயும் உழுவுலீன்னு நின்னது. எரநூத்தம்பது ரூவா கட்டுனேன். திரும்பி வல்லெ.”

ஒரு பிள்ளை கேட்டது, “உங்களுக்கு எத்தனை ஓட்டுங்க விழுந்துச்சு?”

“அது ஆருக்குத் தெரியும்? அந்தப் பொஸ்தகத்துல என்ற பேரு எந்தப் பக்கம் இருக்குதுன்னு தேடறதுக்குள்ள ஆபீசரு சீக்கிரங்கன்னுட்டாரு.”

“அப்ப யாருக்குப் போட்டீங்க?”

“அது சொல்லப்படாது கண்ணு. அதுக்குத்தானெ மறைப்புக் கட்டி வெச்சிருக்குது.”

இரகசிய வாக்கெடுப்பு என்று கரும்பலகையில் எழுதி நான் பத்து வருஷமாக நடத்திய பகுதி அது.

அன்றைக்கு மீதிப் பாடத்தை அவர் வைப்புத்தொகையாகக் கட்டிய 250 ரூபாயை வைத்தே நடத்தினேன். அதே 1996-இல் மக்களவைத் தேர்தலில் நல்கொண்டாவில் 480 பேர், பெல்காமில் 456 பேர் நின்றார்கள். அந்த ஆண்டே நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியது. சட்டமன்றத்துக்கான வைப்புத்தொகை 250-லிருந்து 5,000 ஆனது. சுயேச்சையாக நிற்பவரைப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்று வந்தது. இப்போது வைப்புத்தொகை 10,000. தேர்தல், சட்டமன்றம், சட்டம் என்று புத்தகத்தில் தனித்தனியாகக் கிடப்பவை ஒரு கிழவரின் டெபாசிட்டில் ஒன்றாகக் கோத்து வந்துவிட்டன. சட்டத்தைத் திருத்தியது நியாயமா என்று வகுப்பில் சண்டையே வந்தது. காசு இல்லாதவன் நிற்கவே கூடாதா என்றான் பேரன். ஆயிரம் பேர் நின்றால் ஓட்டுப் போடுகிறவனுக்குத்தானே கஷ்டம் என்றது இன்னொரு பெண். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

அதே மொடக்குறிச்சியில் 2021-இல் வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 281 ஓட்டு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள் என்றேன். எங்கள் பள்ளியிலேயே அதைவிட அதிகம் பேர்.

இனி, மனதில் நின்ற பயிற்சிகள். முதலாவது, தேர்தல் பணிக்கான பயிற்சி வகுப்பு. சிரிக்காதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் நம்மைக் கூப்பிடுகிறார்கள், நாமும் புலம்பிக்கொண்டே போகிறோம். ஆனால் அங்கே மட்டும்தான் மேஜை மேல் இயந்திரத்தை வைத்து நம் கையாலேயே செய்யச் சொல்கிறார்கள். கட்டுப்பாட்டு இயந்திரத்தையும், போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டும் விவிபாட்டையும் இணை, வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் ஐம்பது ஓட்டுக்குக் குறையாமல் மாதிரி வாக்குப்பதிவு நடத்து, க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் பொத்தான்களை அழுத்து, சீல் வை. தப்பு வந்தால் மெமோ என்பதால் யாரும் செல்போனை நோண்டுவதில்லை. கல்வித்துறைப் பயிற்சியில் இந்தக் கவனத்தில் பாதி இருந்தால் போதும்.

அங்கே கற்றதை அப்படியே வகுப்புக்குக் கொண்டு வரலாம், யாரும் தடுக்கவில்லை. ஒரு வாக்களிக்கும் இயந்திரத்தில் பதினாறு பெயர்தான் அடங்கும், நோட்டாவுக்கும் ஒரு இடம் வேண்டும். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள். அப்படியானால் எத்தனை இயந்திரம் வேண்டும்? ஏழாம் வகுப்புப் பிள்ளை ஐந்து என்று போட்டுவிடும். கரூரில் 2024 மக்களவைத் தேர்தலுக்கு 54 பேர், நான்கு இயந்திரம். நல்ல வேளை, 1996 இந்த இயந்திரம் வருவதற்கு முந்தைய தேர்தல் என்று பேரன் சொன்னான்.

பிள்ளைகளை உலுக்கிய இன்னொரு கதையும் அங்கிருந்து வந்ததுதான். ஒரு முறை நான் முதல்நிலை வாக்குப்பதிவு அலுவலர், வாக்காளர் பட்டியல் என் கையில். மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஆத்தா வந்தார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு. கையை நீட்டினார், மை இல்லை. காலையில் கூட்டத்தில் யாரோ அவர் பெயரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடு போட்டது நான்தான். அடையாளச் சீட்டில் இருந்த படத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்திருக்க வேண்டும். தலைமை அலுவலர் ஆத்தாவின் அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டு, தாள் வாக்குச்சீட்டு கொடுத்து டெண்டர் ஓட்டு வாங்கி, உறையில் போட்டார். ஆத்தா நிம்மதியாகப் போய்விட்டார். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கேட்டது, “அந்த உறையைப் பிரிச்சு எண்ணுவாங்களாங் டீச்சர்?” சாதாரணமாக எண்ண மாட்டார்கள், வழக்கு என்று போனால் நீதிமன்றம் பார்க்கும் என்றேன். அரை வகுப்புக்குக் கோபம். என்மீதும்தான். வாக்குச்சாவடியில் முகவர்களை எதற்கு உட்கார வைக்கிறார்கள், இரண்டு ரூபாய் கட்டி ஒரு வாக்காளரை ஏன் ஆட்சேபிக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கோபத்துக்குப் பிறகு தானாகப் புரிந்தது.

இரண்டாவது பயிற்சி ஒன்றரை மணி நேரம்தான். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் ஒரு சனிக்கிழமை. நடத்தியவர் பக்கத்து ஒன்றியத்துத் தலைமையாசிரியை, ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: தேர்தலை நடத்துவது எளிது, சட்டமன்றத்தை நடத்துவதுதான் கடினம். தேர்தலில் மை இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, யார் ஜெயிப்பார் என்ற பரபரப்பு இருக்கிறது. வகுப்புத் தலைவர் தேர்தல் நடத்திவிட்டு மக்களாட்சிப் பாடம் முடிந்தது என்று நாமும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஜெயித்தவர் கோட்டைக்குப் போய் என்ன செய்கிறார் என்பதற்கு நம்மிடம் 234 என்ற எண்ணும், மேலவை 1986-இல் ஒழிக்கப்பட்டது என்ற ஒரு மதிப்பெண் விடையும்தான் இருக்கின்றன.

அந்த அம்மா எங்களையே பேரவையாக உட்கார வைத்தார். ஒரு பக்கம் ஆளுங்கட்சி, ஒரு பக்கம் எதிர்க்கட்சி, பொருள்: ஊருக்கு டவுன் பஸ். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, எதிர்க்கட்சி ஆசிரியர்கள் வெளிநடப்புச் செய்துவிட்டார்கள். வராண்டாவில் போய் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். “டிவியில பாத்ததைச் செஞ்சுட்டீங்க. இப்ப உள்ள வாங்க” என்று அழைத்து, பேரவை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து கேள்வி நேரம் இரண்டு பக்கம் நகல் கொடுத்தார். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். பஸ் பற்றி ஒரு கேள்வி எழுத வேண்டும், ஆனால் பேரவை விதிப்படி: தகவல் கேட்கலாம், வாதம் கூடாது, கிண்டல் கூடாது, கருத்தை நுழைக்கக் கூடாது.

நான் எழுதியது: “எங்கள் ஊருக்குப் பேருந்து விடாமல் வஞ்சிப்பது ஏன்?” தள்ளுபடி. ‘வஞ்சிப்பது’ கருத்து. அடுத்தது: “எங்கள் ஊருக்குப் போதிய பேருந்து இல்லை என்பதை அரசு அறியுமா?” போதிய என்றால் எத்தனை என்றார். மூன்றாவது முறை இப்படி வந்தது: “எங்கள் ஊருக்கு இயக்கப்படும் பேருந்து நடைகள் எத்தனை? மாலை நாலரை மணி நடை நிறுத்தப்பட்டது உண்மையா? ஆமெனில் காரணம் என்ன?” அதை எழுதி முடித்தபோதுதான், அந்த நடை எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது என்பது உறைத்தது. வஞ்சிப்பது என்று எழுதும்போது இது எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அமைச்சர் பக்கம் இருந்தவர்களுக்கும் தெரியாது. “பரிசீலனையில் உள்ளது” என்று எழுதிக் கொடுத்தார்கள். “அங்கதான், அந்தப் பதிலையே பிடிச்சுத் துணைக் கேள்வி கேக்கணும்” என்றார் அந்த அம்மா.

இதை நான் அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்பில் செய்கிறேன். பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, வாய்க்கால் என்று கேள்வி எழுதுவார்கள். இன்னொரு குழு அமைச்சராக இருந்து பதில் எழுத வேண்டும். அதற்கு அவர்கள் ஊராட்சி அலுவலகம்வரை போய்க் கேட்டு வர வேண்டியிருக்கும். காலிங்கராயன் வாய்க்காலில் குளிக்கிற பிள்ளைகள் என்பதால், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகும் அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தை எடுத்துக்கொள்வேன். அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டது. 2019-இல் ஒரு அரசு அடிக்கல் நாட்டியது, 2024 ஆகஸ்டில் வேறொரு அரசு தொடங்கி வைத்தது. இதில் எம்.எல்.ஏ. வேலை எது, அமைச்சரவை வேலை எது, துறை பணம் கேட்கும் மானியக் கோரிக்கைக்குப் பேரவை ஒப்புதல் தருவது எதற்கு என்று பிரிக்கச் சொல்வேன். எந்தக் கட்சி செய்தது என்று சண்டை வரும். வரட்டும். “நீங்க யாருக்குப் போட்டீங்க டீச்சர்” என்றும் வரும். மறைப்புக் கட்டி வைத்திருக்கிறது கண்ணு என்று பெரியவர் சொன்னதையே சொல்லிவிடுவேன்.

ஒன்றில் மட்டும் எந்தப் பயிற்சியும் கைகொடுக்கவில்லை. தாராபுரம், அவிநாசி, பவானிசாகர் எல்லாம் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். “அங்க மட்டும் ஏன் அவங்கதான் நிக்கணும்?” என்று ஒரு குரல் எழும், அதே பெஞ்சில் இன்னொரு பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். ஓட்டு எல்லோரும் போடுகிறார்கள், மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்குகிறது அரசியலமைப்பு என்று சொன்னால் குனிந்த தலை நிமிராது. இந்தப் பக்கத்தில் சாதியைப் பேசாமல் தேர்தலை நடத்த முடியாது என்பது ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும், பயிற்சி அட்டவணையில் அதற்கு ஒரு அமர்வு இருந்து நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்டவர் பயிற்சி வடிவமைக்கிறவராக இருந்தால் முதலில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அக்டோபர் 2 கிராம சபைக்கு எட்டுப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனேன். வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள் என்பதால் பேச வேண்டாம், உட்கார்ந்து பார்த்தால் போதும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு அக்கா எழுந்து, பள்ளிக்கூடத்து வீதியில் சாக்கடைக்கு மூடி எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். மைக்கைப் பிடித்திருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது பரிசீலனையில் இருக்குதுங்க” என்றார். பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையைச் சுரண்டினாள். “டீச்சர், துணைக் கேள்வி கேக்கச் சொல்லுங்.”