திரை இருந்தும் நடுவருக்குத் தடுமாற்றம் ஏன்? வாசகர் கேள்விகள்

கேள்வி: வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை) வந்த பிறகு கால்பந்து நடுவர்கள் முடிவெடுக்கத் தயங்குகிறார்களா?

பதில்: தயங்க விதி இடம் தரவில்லை. 2018-இல் ஆட்ட விதிகளில் சேர்க்கும்போதே, நடுவர் முதலில் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அது அப்பட்டமான தவறாக இருந்தால்தான் வீடியோ அறை குறுக்கிடலாம்.

தயக்கம் கோட்டோரம் கொடியோடு நிற்கும் துணை நடுவர் பக்கமாக நுழைகிறது. கோல் வாய்ப்பு கண்ணெதிரே இருந்து, ஆஃப்சைடு (சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி கோல் பக்கம் நிற்பது) மயிரிழையில் இருந்தால் கொடியைத் தாமதித்துத் தூக்கலாம். உடனே தூக்கி நடுவர் விசில் ஊதிவிட்டால், நியாயமான கோலை மீட்க வழியே இல்லை. ஆனால் இரண்டு மீட்டர் ஆஃப்சைடில் நிற்பவருக்கும் காத்திருப்பது கெட்ட பழக்கம். செல்லாத ஆட்டத்தில் கோல்கீப்பரும் ஃபார்வர்டும் மோதிக் காயம்படுவது இப்படித்தான்.

கேள்வி: களத்தோரத் திரையைப் பார்க்க ஓடும் நடுவர் பெரும்பாலும் முடிவை மாற்றிவிடுகிறாரே?

பதில்: திரையைப் பார்க்கச் சொல்லும் வீடியோ அறையின் அழைப்பே ‘நீங்கள் தவறியிருக்கலாம்’ என்ற சேதியோடுதான் வருகிறது. போதாததற்கு அரங்கத்தின் இரைச்சல். அந்த நிலையில் எந்தக் காட்சியை முதலில் காட்டுகிறார்கள் என்பதே மனதைச் சாய்த்துவிடும். ஸ்லோமோஷனில் சாதாரண மோதலும் வேண்டுமென்றே மிதித்ததுபோலத் தெரியும். அதனால்தான் கால் எங்கே பட்டது, பந்து கையில் பட்டதா என்பதற்கு மட்டும் ஸ்லோமோஷன். மோதலின் வேகத்தையும் கைப்பட்டது குற்றமா என்பதையும் இயல்பான வேகத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

திரைக்குப் போகுமுன், தான் கண்டதை மைக்கில் சொல்லிவிடுவது பெரிய பாதுகாப்பு: “பந்தைத்தான் முதலில் தொட்டார், பிறகுதான் கால் பட்டது.” காட்சி அதோடு ஒத்துப்போனால் பழைய முடிவிலேயே உறுதியாக நிற்கலாம். அப்படி நிற்கும் நடுவர்களை இன்னும் அதிகம் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

கேள்வி: இவ்வளவு கருவிகள் இருந்தும் தவறு நடப்பது எப்படி?

பதில்: 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குக் களத்தில் ஆஃப்சைடு கொடுத்தார்கள். ஆஃப்சைடு இல்லை என்பதை வீடியோ அறை சரியாகவே கண்டது. ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்து, ‘சரிபார்ப்பு முடிந்தது’ என்று மட்டும் சொன்னது. ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் தொடங்கிவிட்டது. அதன்பின் திருத்த விதியில் வழியில்லை. “களத்தில் ஆஃப்சைடு, எங்கள் பரிந்துரை கோல்” என்று முழு வாக்கியமாகச் சொல்லி, நடுவரும் அதைத் திருப்பிச் சொல்லியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

கேள்வி: ஆஃப்சைடு கோட்டைச் சென்டிமீட்டர் கணக்கில் நம்பலாமா?

பதில்: நொடிக்கு 50 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் இரு ஃப்ரேமுக்கு நடுவே 0.02 நொடி. நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் அதற்குள் 16 செ.மீ. நகர்ந்துவிடுவார். பந்து காலைவிட்டுக் கிளம்பும் கணத்தை ஒரு ஃப்ரேம் தள்ளி எடுத்தாலே முடிவு மாறலாம். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் வைத்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான்.