"காட்சி எங்கே?"

கேள்வி: விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திரைப்பட வகுப்பில் பழைய ஐரோப்பியப் படங்களிலிருந்து ஒரு காட்சியைப் போட்டுக் காட்டி, ஆய்வு செய்து எழுதச் சொல்கிறார்கள். 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் அப்பாவும் மகனும் ஓட்டலில் சாப்பிடும் காட்சிக்கு வறுமை, தந்தைப் பாசம், போருக்குப் பிந்தைய இத்தாலி என்று மூன்று பக்கம் எழுதினேன். "கதை சொல்லியிருக்கிறாய், காட்சி எங்கே?" என்று கேட்டு இருபதுக்கு ஏழு போட்டுவிட்டார் ஆசிரியர். கூடப் படிப்பவர்கள் குறியீடு, படிமம் என்று என்னென்னவோ எழுதுகிறார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. உண்மையைச் சொன்னால், சில படங்களில் தூக்கம்கூட வருகிறது. நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையோ?
- மாணவி, திருச்சி

பதில்: ஏழு மதிப்பெண்ணை விடுங்கள். ஆசிரியர் எழுதிய அந்த இரண்டு சொல் இருக்கிறதே, "காட்சி எங்கே?", அது நல்ல கேள்வி. நீங்கள் எழுதியதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்று பக்கத்தை, படத்தைப் பார்க்காமல் கதைச் சுருக்கத்தை மட்டும் படித்த ஒருவரும் எழுதியிருக்கலாம். சிக்கல் அங்கேதான்.

சரி, அதே காட்சிக்கே போவோம். விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்த படம். அன்டோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, சைக்கிள் இருந்தால்தான் வேலை. முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. மகன் புரூனோவைக் கூட்டிக்கொண்டு ரோம் நகரம் முழுக்கத் தேடுகிறான். எரிச்சலில் பையனை ஓர் அறை அறைந்துவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் ஆற்றில் ஒரு பையன் மூழ்குவதாகக் கூச்சல். தன் மகன்தானோ என்று அலறியடித்து ஓடுகிறான். இல்லை. அந்த நிம்மதியில் மகனை ஓட்டலுக்கு அழைத்துப் போகிறான்.

உள்ளே பாட்டும் வாத்தியமும். பக்கத்து மேசையில் வசதியான குடும்பம் ஒன்று. அதில் தலையைப் படிய வாரிய ஒரு பையன். இவர்களுக்கு ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பண்டம் வருகிறது. புரூனோ கடித்து இழுக்க, அது நூலாக நீள்கிறது. மென்றுகொண்டே திரும்பித் திரும்பி அந்தப் பையனைப் பார்க்கிறான். அந்தப் பையனும் திரும்பி இவனைப் பார்க்கிறான், கொஞ்சம் இளக்காரமாக. அவர்களைப் போலச் சாப்பிட வேண்டுமென்றால் மாதம் பத்து லட்சம் லிராவாவது வேண்டும் என்கிறான் அப்பா. அப்புறம் தனக்கு வரவிருந்த சம்பளத்தைக் கணக்குப் போட ஆரம்பிக்கிறான். பென்சிலைப் பிடித்துக் கூட்டுவது புரூனோ. கொண்டாட்டமாக ஆரம்பித்த சாப்பாடு, போன வேலையின் கணக்கில் வந்து நிற்கிறது.

இதில் 'வறுமை' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை, கவனித்தீர்களா?

இப்போது ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணக்காரப் பையன் திரும்பியே பார்க்கவில்லை என்று வையுங்கள். புரூனோ மட்டும் பார்க்கிறான். அப்போது அது வெறும் ஏக்கம். அவனும் பார்ப்பதால்தான் ஏக்கத்தோடு கூச்சமும் சேர்கிறது. ஒருவர் பார்ப்பதற்கும் இன்னொருவர் திருப்பிப் பார்ப்பதற்கும் நடுவே ஒரு கட், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். அந்தக் கட்டைப் பற்றி நீங்கள் பத்து வரி எழுதியிருந்தால் ஆசிரியர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

பார்வை என்ற நூலைப் பிடித்துவிட்டால் படம் முழுக்க அது ஓடுவது தெரியும். படத்தின் ஆரம்பத்தில், அடகில் இருந்த சைக்கிளை மீட்பதற்காக வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறார்கள். அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடை ஆள் அலமாரியில் ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். அடுக்கடுக்காக மேலே வரை ஊராருடைய துணி மூட்டைகள். அன்டோனியோ அதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிய புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம், அந்த அலமாரியின் உயரம் போதும். கடைசியில் வேறு வழியின்றி அவனே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். டிராமில் போயிருக்க வேண்டிய புரூனோ அதைப் பார்த்துவிடுகிறான். சைக்கிளின் சொந்தக்காரர் புரூனோவைப் பார்க்கிறார், அன்டோனியோவை விட்டுவிடச் சொல்கிறார். யாரை யார் பார்த்தார்கள் என்று மட்டும் வரிசையாக எழுதினாலே உங்கள் கட்டுரை பாதி முடிந்துவிடும்.

இதற்கு வழி, நம் சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்கு முன்னால் செய்யும் ஷாட் டிவிஷன்தான், அதாவது காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதுவது. நீங்கள் அதைப் பின்னாலிருந்து செய்கிறீர்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி. சட்டகத்துக்குள் யார், கேமரா யார் உயரத்தில், யார் கண் எங்கே, எத்தனை நொடி, என்ன சத்தம். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஓட்டல் பாட்டு எங்கே முன்னுக்கு வருகிறது, எங்கே பின்னுக்குப் போகிறது என்று குறியுங்கள். மூன்று நிமிடக் காட்சிக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். குறுக்கு வழி எனக்குத் தெரிந்து கிடையாது. விமர்சனங்களை இதற்கு அப்புறம் படியுங்கள். முன்னாலேயே படித்தால் அவர்கள் பார்த்ததுதான் உங்களுக்கும் தெரியும்.

குறியீடு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். நான் திரைப்படச் சங்கக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்த காலத்தில், ஒரு படத்தின் நடுவே படம் சட்டென்று எகிறிய இடத்தை இயக்குநரின் மேதைமை என்று அரைமணி நேரம் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ரீல் அறுந்து ஒட்டியது அது என்று புரொஜெக்டர் ஓட்டியவர் பிறகு சொன்னார். உங்கள் வகுப்பில் யாராவது, அந்தச் சைக்கிளின் பிராண்டு 'ஃபிடெஸ்', லத்தீனில் நம்பிக்கை என்று பொருள் என எழுதியிருப்பார்கள். உண்மைதான், அழகான தகவலும்கூட. ஆனால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம்.

வரலாறு எவ்வளவு தெரிய வேண்டும்? காட்சியைத் திறக்கும் அளவுக்கு. கேரி கிராண்டைக் கதாநாயகனாகப் போட்டால் பணம் தருகிறேன் என்று ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் முன்வந்தார். டி சிகாவோ லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்ற தொழிற்சாலைத் தொழிலாளியை நடிக்க வைத்தார். இது தெரிந்தால், சைக்கிள் திருட்டுப் போகும் நேரத்தில் அன்டோனியோ ஒட்டிக்கொண்டிருப்பது ஹாலிவுட் நட்சத்திரம் ரீட்டா ஹேவொர்த்தின் சுவரொட்டி என்பது வேறு மாதிரி தெரியும்.

தூக்கத்துக்கு வருவோம். ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த 'எம்' படத்தின் முதல் சில நிமிடங்களைப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மகள் எல்ஸிக்காகக் காத்திருக்கிறாள் ஒரு தாய். "எல்ஸி!" என்று கூப்பிடுகிறாள். குரல் கேட்கிறது, திரையில் ஆளில்லாத மாடிப்படி, துணி காயும் பரண், காலித் தட்டு. புதரிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. தந்திக் கம்பியில் பலூன் சிக்கிக்கொள்கிறது. கொலையைக் காட்டவே இல்லை. லாங்கின் முதல் பேசும் படம் அது. இதற்கும் தூக்கம் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

வேறு படங்களில் தூக்கம் வந்தால் அதை ஆசிரியரிடம் மறைக்க வேண்டாம். எந்த ஷாட்டில் கொட்டாவி வந்தது, அது எத்தனை நொடி ஓடியது, அதற்கு முந்தைய ஷாட் எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.