வைக்கிங் வீரன், ரத்தக்காட்டேரி, காலப்பயணம், காதல், சிரிப்பு: எல்லாம் ஒரே கதைக்குள் அடங்குமா?

கேட்டவர் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறார். பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்து வீரன் ஒருவன் ரத்தக்காட்டேரியாகி, காலம் தாண்டி வந்து, ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். படிப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கவும் வேண்டும். "இது கதையா, கதம்பமா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்களாம். இவையெல்லாம் ஒன்றாகச் சேருமா என்பது கேள்வி.

சேரும். ஏற்கெனவே சேர்ந்தும் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் 1270களில் எழுதப்பட்ட ஒரு சிறிய தோல் சுவடியில் ஹெல்கி என்ற வீரனைப் பற்றிய பாட்டு இருக்கிறது. நீங்கள் பட்டியலிட்ட சரக்கில் பெரும்பகுதி அந்த ஒரு பாட்டிலேயே கிடைக்கும். பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துவரும் பாட்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சிரிப்பு. எதிரி மன்னனின் ஆட்கள் ஹெல்கியைத் தேடி வளர்ப்புத் தந்தையின் வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஓட வழியில்லை. வேலைக்காரியின் உடையை மாட்டிக்கொண்டு மாவரைக்க உட்கார்ந்துவிடுகிறான் ஹெல்கி. வாள் சுழற்றிய கை திரிகையைச் சுற்றினால் என்ன ஆகும்? கல் உடைகிறது, மாவுப் பெட்டி சிதறுகிறது. தேட வந்தவன் உற்றுப் பார்க்கிறான். இந்தப் பணிப்பெண்ணின் கண் ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது, இந்தக் கைக்குத் திரிகைப் பிடியைவிட வாள்பிடி அல்லவா பொருந்தும் என்கிறான். வளர்ப்புத் தந்தை அசரவில்லை. இவள் போர்க்களத்தில் சண்டையிட்ட அரசகுமாரி, ஹெல்கி சிறைபிடித்துக் கொண்டுவந்தான், பார்வை அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்துவிடுகிறார்.

அடுத்தது காதல். ஹெல்கியை மணந்த சிக்ரூன் ஒரு வால்கிரி, அதாவது வானில் குதிரையேறிச் செல்லும் போர்த்தேவதை. அவளுடைய அண்ணன் தாக் ஹெல்கியைக் கொன்றுவிடுகிறான். மேடு எழுப்பிப் புதைக்கிறார்கள். ஒரு மாலை, செத்துப்போன ஹெல்கி தன் ஆட்களோடு குதிரையில் அந்த மேட்டுக்குத் திரும்பி வருவதைப் பணிப்பெண் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்கிறாள். சிக்ரூன் தயங்கவே இல்லை. நேராகப் புதைகுழிக்குள் போகிறாள். அவன் தலைமுடியில் உறைபனி, உடம்பெல்லாம் ரத்தம், கை ஈரமாய்ச் சில்லென்று இருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்கிறாள். "உன்னால்தான்" என்கிறான் அவன். இரவில் படுக்கும் முன் அவள் அழுகிற ஒவ்வொரு துளியும் ரத்தமாக அவன் மார்பில் விழுகிறதாம்.

அந்த வரியை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தாத்தா இறந்த வீட்டில், "ரொம்ப அழாதே ஆத்தா, போகிற உயிர் போகட்டும்" என்று பாட்டியின் தோளைப் பிடித்து ஒரு கிழவி சொன்னது அப்படியே காதில் விழுந்தது.

சிக்ரூன் அங்கேயே படுக்கை விரிக்கிறாள். உயிரோடு இருந்தபோது உறங்கியதுபோல அவன் அணைப்பில் உறங்குகிறாள். விடியலில் சேவல் கூவும் முன் அவன் சிவந்த வழியே குதிரையில் திரும்பியாக வேண்டும். ரத்தம், குளிர்ந்த உடல், விடிந்தால் இருக்கமுடியாத காதலன். ரத்தக்காட்டேரிக் காதலுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒன்று. ஹெல்கி யாருடைய ரத்தத்தையும் குடிப்பதில்லை. வட ஐரோப்பியக் கதைகளில் செத்தும் நடமாடுபவனுக்கு டிராகர் என்று பெயர். உடல் கருநீலமாக ஊதியிருக்கும், கனக்கும், மல்லுக்கு நிற்கும். கழுத்தைக் கடித்து உறிஞ்சும் பேய் பிற்காலத்தில் செர்பியாவிலிருந்து ஐரோப்பாவெங்கும் பரவிய பேச்சு. 1732இல் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் அங்கே கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து எழுதிய அறிக்கைதான் அதற்குப் பெரும் விளம்பரம்.

ஆனாலும் இரண்டுக்கும் நடுவே பாலம் உண்டு. டென்மார்க்கின் சாக்சோ 1200ஐ ஒட்டி எழுதிய வரலாற்றில் அஸ்முண்ட், அஸ்வித் என்று இரண்டு நண்பர்கள். ஒருவன் செத்தால் மற்றவனும் கூடவே புதைகுழிக்குள் போவது என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். அஸ்வித் நோயில் இறக்கிறான். குதிரை, நாய், உணவோடு அஸ்முண்டும் உள்ளே போகிறான். இரவில் பிணம் எழுந்து குதிரையைத் தின்கிறது, நாயைத் தின்கிறது, பிறகு நண்பன்மேல் பாய்ந்து காதைப் பிய்த்துவிடுகிறது. அஸ்முண்ட் அதன் தலையை வெட்டி, உடம்பில் கழுமரம் அடித்து அடக்குகிறான். புதையல் தேடி வந்தவர்கள் மேட்டைத் திறந்து ஓர் இளைஞனைக் கூடையில் இறக்குகிறார்கள். அஸ்முண்ட் அவனை வெளியே தள்ளிவிட்டுத் தானே கூடையில் ஏறிக்கொள்கிறான். மேலே இழுத்தவர்கள் ரத்தம் வழியும் முகத்தைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடுகிறார்கள்.

இன்னொரு பாலமும் எனக்கு மிகப் பிடிக்கும். ஸ்லாவிய மொழிகளில் ரத்தக்காட்டேரிக்கு உபிர் என்று பெயர். அந்தச் சொல் எழுத்தில் முதலில் தென்படுவது 1047இல், இன்றைய ரஷ்யாவிலுள்ள நோவ்கோரோத் நகரில், பாதிரியார் ஒருவர் இளவரசர் விளாதிமிருக்காகப் புத்தகம் படியெடுத்துவிட்டுப் போட்ட கையெழுத்தில். தம் பெயரையே உபிர் லிகீய் என்று எழுதுகிறார். இது பேயின் பெயரே அல்ல, ஓபிர் என்ற சுவீடன் நாட்டுப் பெயர்தான் இப்படி எழுதப்பட்டது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அந்த இளவரசரின் தாய் இங்கெகெர்த் சுவீடன் மன்னரின் மகள் என்பதை நினைத்தால் வாதம் பொருத்தமாகத்தான் படுகிறது. இரண்டில் எது சரியாக இருந்தாலும், வைக்கிங்கும் காட்டேரியும் ஒரே கையெழுத்தில் வந்து நிற்கிறார்கள். உங்கள் கதாநாயகனுக்கு ஊர் தேடுகிறீர்கள் என்றால் நோவ்கோரோத்தில் பிறக்கவிடுங்கள்.

சிரிப்பை எப்படி வரவழைப்பது என்று கவலைப்படுகிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி, பேயை ஊரார் நிஜமாகவே நம்பி நடந்துகொள்வது. ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதையான ஐர்பிக்யா சாகாவில் ஃப்ரோடா என்ற பண்ணை வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தைச் சட்டமாக ஏற்ற 1000ஆம் ஆண்டுக் கோடையில் தோர்குன்னா என்ற பெண் அழகான படுக்கை விரிப்புகளோடு அங்கே வந்து சேர்கிறாள். இறக்கும்போது அவற்றை எரித்துவிடச் சொல்கிறாள். வீட்டுக்காரிக்கு ஆசை, நல்லதை எடுத்து வைத்துக்கொள்கிறாள். பிணத்தைத் தூக்கிப்போகிறவர்களுக்கு வழியில் ஒரு வீட்டில் சோறு மறுக்கப்படுகிறது. நள்ளிரவில் சமையற்கட்டில் சத்தம். போய்ப் பார்த்தால், தோர்குன்னாவே எழுந்து ஆடையின்றி நின்று அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். அதன் பிறகு வீட்டுக்காரர் எதையும் மறுக்கவில்லை.

ஃப்ரோடாவிலோ சாவு தொடர்கிறது. வீட்டுத் தலைவர் தோரோட் ஐந்து பேரோடு கருவாடு ஏற்றிவரப் போய்க் கடலில் மூழ்கிவிடுகிறார். அவர்களுடைய கருமாதி விருந்துக்கு அவர்களே சொட்டச் சொட்ட வந்து நிற்கிறார்கள். கடல்தேவதை நன்றாக வரவேற்றிருக்கிறாள், நல்ல சகுனம் என்று முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். விருந்து முடிந்தும் அவர்கள் போகவில்லை. தினமும் மாலையில் வந்து அடுப்படியில் குளிர் காய்கிறார்கள். மண்ணில் புதைக்கப்பட்டவர்களும் வந்து மண்ணை உதறுகிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் வேறு அறையில் தீ மூட்டிக்கொள்ள வேண்டியதாகிறது. முப்பது வேலையாட்களில் பதினெட்டுப் பேர் இறக்கிறார்கள், ஐந்து பேர் ஓடிப்போகிறார்கள்.

கடைசியில் ஸ்னோரி என்ற தலைவர் யோசனை சொல்கிறார்: விரிப்புகளை எரியுங்கள், பாதிரியாரை அழையுங்கள், பேய்கள்மேல் வழக்குப் போடுங்கள். வாசலில் முறைப்படி நீதிமன்றம் கூடுகிறது. அனுமதியில்லாமல் வீட்டில் புழங்கியதாகவும், மனிதர்களின் உயிரையும் நலத்தையும் பறித்ததாகவும் குற்றச்சாட்டு. சாட்சி, விசாரணை, தீர்ப்பு, எதிலும் குறைவில்லை. தன் பெயருக்குத் தீர்ப்பு வந்ததும் ஒவ்வொரு பேயும் எழுந்து, உட்காரமுடிந்தவரை உட்கார்ந்தாயிற்று என்பதுபோல ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நீதிமன்றம் இல்லாத மறுவாசல் வழியாக வெளியேறுகிறது. செத்தவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற அவர்களுடைய நம்பிக்கை எனக்கு மலைப்பாக இருக்கிறது. எழுதியவர் ஒரு இடத்தில்கூடக் கண்சிமிட்டவில்லை, அதனால்தான் நமக்குச் சிரிப்பு பொங்குகிறது.

கதாநாயகனின் தோற்றத்துக்கு ஒரு குறிப்பு. கொம்பு வைத்த தலைக்கவசம் வேண்டாம், அது 1876இல் ஜெர்மானிய இசைநாடக மேடைக்குத் தைத்த உடையோடு ஊர் சுற்றியது. அழுக்கனாகவும் காட்டாதீர்கள். டென்மார்க்கிலிருந்து வந்த வைக்கிங்குகள் தினமும் தலைவாரி, சனிக்கிழமைதோறும் குளித்து, அடிக்கடி உடை மாற்றி நம் பெண்களை மயக்கிவிடுகிறார்கள் என்று இங்கிலாந்தில் எழுதப்பட்ட 13ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல் ஒன்று புலம்புகிறது. ஐஸ்லாந்து மொழியில் சனிக்கிழமைக்குப் பெயரே குளிக்கும் நாள்தான். "சனி நீராடு" என்ற ஔவை வாக்கை அவர்கள் தாமாகவே கடைப்பிடித்திருக்கிறார்கள்.

காலப்பயணம் மட்டும் பாக்கி. ஹெல்கி விடியலில் போன பிறகு, அடுத்த மாலையும் சிக்ரூன் மேட்டருகே காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. துக்கத்தில் அவள் சீக்கிரமே இறந்துபோகிறாள். அதற்குக் கீழே சுவடியை எழுதியவர் உரைநடையில் சில வரிகள் சேர்க்கிறார். மனிதர்கள் மறுபடி பிறப்பார்கள் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள், இப்போது அதைக் கிழவிகளின் பிதற்றல் என்கிறார்கள் என்று. அப்படிச் சொல்லிவிட்டு அவரால் அங்கே நிறுத்தமுடியவில்லை. இருவரும் மறுபடி பிறந்ததாகச் சொல்லப்படுகிறது, அவன் பெயர் அப்போதும் ஹெல்கி, அவள் பெயர் காரா, அவள் அப்போதும் வால்கிரி, அந்தக் கதை காராவின் பாட்டில் இருக்கிறது என்று எழுதி முடிக்கிறார்.

அந்தச் சுவடி நூற்றாண்டுகள் டென்மார்க்கில் இருந்துவிட்டு 1971இல் கப்பலில் ஐஸ்லாந்து திரும்பியது. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் காத்து நின்றார்கள். ஆனால் காராவின் பாட்டு கிடைக்கவே இல்லை. காலம் தாண்டி அந்த இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்ற பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் கதையை அங்கிருந்து தொடங்குங்கள்.