காலி ரயிலு ஏன் இத்தன மாசம் ஓடுது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லைட் ரயில் (டிராம் மாதிரி, கூட்டம் கம்மியா ஏத்துற நகர ரயிலு) டெஸ்டிங் பத்தி நாலு வரிதான் எழுதினேன், அதுக்கே கருங்கல், தக்கலை, கொளச்சல்னு ஒருபாடு கேள்வி வந்துட்டு. வளைகுடாவுல ஒரு ஊர்ல புது லைட் ரயில் லைன் திறக்குறதுக்கு முன்னால டெஸ்டிங் டீம்ல டெக்னீஷியனா இருந்தவன் நான். பாத்தது, செஞ்சது, படிச்சது மூணையும் வச்சு பதில் சொல்லுதேன்.

அண்ணாச்சி, என் மருமகன் வெளிநாட்டுல ஒரு புது லைட் ரயில் லைன்ல வேல பாக்கான். ரயிலு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சாம், இன்னும் ஆளே ஏத்தாம காலியாத்தான் ஓட்டுதாவளாம். கரண்டும் சம்பளமும் வீணாப் போகுதே, எதுக்கு இப்பிடி? – கருங்கல் வாசகர்

வீண் இல்ல அண்ணாச்சி, அந்த ஒரு வருஷம்தான் அந்த லைனோட உயிரு. சென்னை மெட்ரோவையே எடுத்துக்கோங்க, 2013 நவம்பர்ல கோயம்பேடு டெப்போவுக்குள்ள டெஸ்ட் டிராக்குல முதல் ரயில ஓட்டினாங்க, ஜனங்க ஏறுனது 2015 ஜூன் 29ல. ஒன்றரை வருஷத்துக்கும் மேல.

நம்ம கடப்புறத்துல புது வள்ளம் இறக்குறத பாத்திருப்பீங்க. முதல் நாளே வலையும் ஆளும் ஏத்திட்டு ஆழக்கடலுக்கு யாரும் போறதில்ல, கரைய ஒட்டி வெறும் வள்ளமா ஒரு சுத்து விட்டு, எங்கயாச்சும் வெள்ளம் கசியுதா, இஞ்சின் சூடாவுதான்னு பாத்துட்டுத்தான் மெல்ல பாரம் ஏத்துவாங்க. ரயிலும் அப்பிடித்தான், பைய பைய.

முதல்ல ரயிலுக்கு கரண்டே கிடையாது, இன்னொரு வண்டி கட்டி இழுக்கும், வேகம் ஆள் நடக்குற வேகம்தான். ரயிலோட ரெண்டு பக்கமும் நுரைப்பலகைய வெட்டி ஒட்டியிருப்போம், ஏன்னா வளைவுல திரும்பும்போது பெட்டியோட நடுவு உள்பக்கமும் முனை வெளிப்பக்கமும் தள்ளும், அந்த அளவுக்குத்தான் அந்த பலகைய வெட்டுறது. பிளாட்பார விளிம்போ, சிக்னல் கம்பமோ கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருந்தா நுரை உரசி பொடியா உதிரும். நாங்க டார்ச் அடிச்சுக்கிட்டு கூடவே நடந்து போவோம், வெள்ளைப் பொடி எங்க கிடக்கோ அங்க சாக்பீஸால ஒரு கோடு. ஒரு ஸ்டேஷன்ல பிளாட்பார கல்லு ஒண்ணு விரல் கனத்துக்கு முன்னால வந்து நின்னுது, வெறும் கண்ணுக்கு தெரியவே தெரியாது, அந்த பொடிதான் காட்டிக் குடுத்துச்சு.

அடுத்து கரண்ட் குடுத்து மெதுவா ஓட்டணும், மேல உள்ள கம்பியும் ரயில் தலையில இருக்க கார்பன் பட்டையும் ஒழுங்கா தொட்டுக்கிட்டே போவுதான்னு பாக்கணும் (அந்த கம்பி நேரா போறதில்ல, வலதும் இடதுமா லேசா நெளிஞ்சு நெளிஞ்சுதான் கட்டியிருப்பாங்க, இல்லன்னா பட்டையில ஒரே இடத்துல பள்ளம் விழுந்துரும்). அப்புறம்தான் பிரேக். இதுலதான் எங்க முதுகு ஒடிஞ்சுது. காலி ரயிலு நிக்குற தூரம் வேற, ஆள் நெருக்கியடிச்சு நிக்குற ரயிலு நிக்குற தூரம் வேற, அதனால மணல் மூட்டை ஏத்துவோம். 300 பேருக்கு ஆளுக்கு 70 கிலோன்னு வச்சா 21 டன், 25 கிலோ மூட்டைன்னா 840 மூட்டை, அதையும் ஒரே இடத்துல குவிக்காம ஜனங்க நிக்குற மாதிரி பெட்டி பூரா பரத்தணும். ராத்திரி ஏத்தி விடியறதுக்குள்ள டெஸ்ட் முடிச்சு இறக்கணும்.

அதுக்கும் மேல மழை. தண்டவாளம் நனைஞ்சா சக்கரம் வழுக்கும். அதனால சோப்பு கலந்த வெள்ளத்த தண்டவாளத்துல ஊத்திட்டு பிரேக் அடிச்சு பாப்போம். சக்கரம் சுத்தாம பூட்டிக்கிட்டு வழுக்கிச்சுன்னா ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாயிரும், அப்புறம் அந்த ரயிலு போற வழியெல்லாம் டக் டக் டக்னு அடிச்சுக்கிட்டே போவும். வழுக்காம இருக்க சக்கரத்துக்கு முன்னால மணல் தூவுறதுக்கு ஒரு குழாய் உண்டு. கடல் காத்து ஈரத்துல அந்த மணல் கட்டியாகி ஒரு நாள் ராத்திரி குழாய் அடைச்சிக்கிட்டு, மூணாவது ஓட்டத்துல ரயிலு நிக்க வேண்டிய கோட்ட தாண்டித்தான் நின்னுது. எங்க மேல இருந்த சூப்பர்வைசரு, ரெண்டாவது ஓட்டத்துல வந்த நம்பரையே இதுக்கும் எழுதிரு, மணி நாலாச்சுன்னு சொன்னாரு. கூட இருந்த சீனியர் அண்ணன் பேனாவ மூடி பாக்கெட்ல வச்சிட்டாரு, எழுதல. மறுநாள் மணல மாத்தி, குழாய கழட்டி ஊதி, எல்லா ரயில்லயும் அதே குழாய செக் பண்ணினா இன்னும் ரெண்டு ரயில்ல அதே அடைப்பு. அன்னிக்கு அவர் எழுதியிருந்தா அந்த ரெண்டும் அப்பிடியே ஜனங்களோட ஓடியிருக்கும்.

இதெல்லாம் முடிஞ்ச பிறவுதான் நிஜ டைம்டேபிள் போட்டு காலியா ஓட்டுறது. உங்க மருமகன் பாக்குறது அனேகமா இந்த கட்டமாத்தான் இருக்கும். ஆளே இல்லாத ஸ்டேஷன்ல கதவு திறக்கும், மூடும், அறிவிப்பு வரும். டிரைவர்மாருக்கும் கண்ட்ரோல் ரூம்ல இருக்கவங்களுக்கும் கை பழகுறது அப்பத்தான்.

லைட் ரயில்னா எடை கம்மியான ரயிலா? நம்ம நாகர்கோவில் பாசஞ்சருக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? – தக்கலை வாசகி

எடையும் கம்மிதான், ஆனா முக்கியமா ஏத்துற கூட்டம் கம்மி. நிறைய ஊர்ல ரோட்டு மேலயே பஸ்ஸோட பஸ்ஸா ஓடும், டிரைவர் கண்ணால பாத்து ஓட்டுவாரு. நம்ம லைன்ல கம்பியில 25,000 வோல்ட், அங்க பொதுவா 750 வோல்ட் டிசி. பழைய டிராமோட பேத்தின்னு வச்சுக்கோங்க, சென்னையிலயே 1895ல இருந்து 1953 வரைக்கும் கரண்ட் டிராம் ஓடிருக்கு.

ரோட்டுல ஓடுறதால பிரேக் ரொம்ப கடுமையா இருக்கணும். வழக்கமான பிரேக்கோட, தண்டவாளத்தையே கவ்விப் பிடிக்குற காந்த பிரேக் ஒண்ணும் கீழ தொங்கும். 40 கிலோமீட்டர் வேகத்துல வந்து எமர்ஜென்சி போட்டா, கணக்குப்படி சுமார் 22 மீட்டர்ல நிக்கும், ரெண்டு பஸ் நீளம்னு வைங்க. குறுக்க ஒரு பிள்ளை ஓடி வந்தா அந்த ரெண்டு பஸ் நீளம்தான் எல்லாம்.

திறப்பு விழா தேதி அறிவிச்சிட்டு டெஸ்ட்டு முடியலன்னா என்ன செய்வாங்க? தேதிய தள்ளுவாங்களா, டெஸ்ட்ட குறைப்பாங்களா? – கொளச்சல் வாசகர்

தேதியத்தான் தள்ளணும். ஆனா எல்லா ஊர்லயும் அப்பிடி நடக்கல, கனடாவுல ஒட்டாவா நகரத்து கதைய கொஞ்சம் விவரமா சொல்லுதேன், ஏன்னா அத விசாரணை கமிஷனே வச்சு எழுதிட்டாங்க.

அங்க கான்ஃபெடரேஷன் லைன்னு ஒரு லைட் ரயில் லைன். ஏற்கனவே பல தடவ தேதி தள்ளிப்போய் எல்லாருக்கும் எரிச்சல். 2019 ஜூலை கடைசியில டிரையல் ரன்னிங் (நிஜ டைம்டேபிள்ல காலியா ஓட்டுற அதே கட்டம்) ஆரம்பிச்சாங்க. கணக்கு என்னன்னா, தொடர்ந்து 12 நாள் ஓட்டி, திட்டம் போட்ட ஓட்டத்துல எவ்வளவு ஓடுச்சுன்னு பாத்து 98 சதவீதம் மார்க் எடுக்கணும். முதல் நாட்கள்லயே சொதப்புது. அப்ப என்ன செஞ்சிருக்கணும்? நிறுத்திட்டு கோளாறு எங்கன்னு பாத்து திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கணும். அவங்க பாஸ் மார்க்க குறைச்சாங்க, 12 நாள்ல நல்லா ஓடின 9 நாள எடுத்துக்கலாம், 96 சதவீதம் போதும்னு. இந்த மாத்தத்த நகர கவுன்சில்ல உள்ளவங்களுக்கே ஒழுங்கா சொல்லல. செப்டம்பர் 14 ஜனங்களுக்கு திறந்தாச்சு.

அடுத்த மாசமே ஒருத்தர் மூடுற கதவ பிடிச்சு இழுத்தா முழு ரயிலும் முடங்கி நிக்குது, பின்னால வர எல்லா ரயிலும் நிக்குது, பிளாட்பாரத்துல கூட்டம் நெருக்குது. பனிக்காலம் வந்ததும் நான் மேல சொன்ன அதே தட்டை சக்கரம், ரயிலுங்க வரிசையா ஷெட்டுக்கு போவுது, ஓட்ட ரயிலு பத்தல. 2021ல ஆகஸ்ட்ல ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணுன்னு ரெண்டு தடவ தடம் புரண்டுச்சு. தடம் புரண்டதுக்கு காரணம் வேற, முதல்ல அச்சு பேரிங்கு, அடுத்தது பராமரிப்புல போல்ட்ட சரியா முறுக்காம விட்டது. ரெண்டாவதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் லைனே மூடிக் கிடந்துச்சு. 2022 நவம்பர்ல கமிஷன் அறிக்கை வந்தப்ப, அவசரப்பட்டு திறந்ததும் டெஸ்ட்டு அளவுகோல தாழ்த்தினதும் கவுன்சில்கிட்ட மறைச்சதும் எல்லாம் அதுல வெளிப்படையா இருந்துச்சு.

எனக்கு இதுல ஆத்தாமையே அந்த 96தான். கோளாறு காட்டத்தான டெஸ்ட்டு வைக்கோம், அது காட்டிச்சுல்லா, அப்புறம் என்னத்துக்கு கண்ண மூடுதீங்க? ரெண்டு மாசம் தள்ளியிருந்தா ஜனங்க ரெண்டு மாசம் திட்டியிருப்பாங்க, அவ்வளவுதான். அதுக்கு பதிலா வேலைக்கு போறவங்க வருஷக்கணக்கா பிளாட்பாரத்துல நின்னாங்க.

ஆரல்வாய்மொழி பக்கம் ரெட்டை லைன் போட்டப்ப, தண்டவாளம் பக்கம் யாரும் வராதீங்கன்னு அறிவிப்பு குடுத்துட்டு ஒரு நாள் ரயில சீறிக்கிட்டு ஓட்டினாவ. அதுவும் இதே மாதிரி டெஸ்ட்டா? – தோவாளை வாசகர்

ஆமா, அது ஸ்பீடு டிரையல். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் முதல்ல மோட்டார் டிராலியில போய் பாலம், வளைவு, பாயிண்ட் (தண்டவாளம் பிரியுற இடம்), லெவல் கிராசிங்னு எறங்கி எறங்கி பாப்பாரு, அப்புறம் ஸ்பெஷல் ரயில்ல வேகமா ஓட்டி பாத்துட்டு, இவ்வளவு வேகத்துக்கு ஓட்டலாம்னு அனுமதி குடுப்பாரு. அவர் ரயில்வே அமைச்சகத்துக்கு கீழ வரமாட்டாரு, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு கீழதான் வருவாரு. லைன் போட்டவங்களே சர்டிஃபிகேட்டும் குடுக்கக்கூடாதுல்லா. மெட்ரோவுக்கும் இதே மாதிரி பாதுகாப்பு ஆணையர் கையெழுத்து இல்லாம ஒரு ஆளக்கூட ஏத்த முடியாது.

நம்ம மாவட்டத்துக்கு ரயிலே 1979லதான் வந்துச்சு, திருவனந்தபுரத்துல இருந்து. திருநெல்வேலி பக்கம் இணைஞ்சது 1981ல. அப்ப தலைக்கு மேல கரண்ட் கம்பி கிடையாது, அதனால வயசானவங்களுக்கு பழைய நினைப்பு இன்னும் போகல. லைன் பக்கத்துல தோட்டம் உள்ளவங்க தயவுசெஞ்சு இரும்புத் தொரட்டி வச்சு சக்கையோ முருங்கையோ பறிக்காதீங்க, 25,000 வோல்ட் கம்பிய தொடணும்னே இல்ல, கிட்ட போனாலே பாயும், பச்சை மூங்கிலும் கரண்ட கடத்தும்.

டெஸ்ட்டு ஓட்டத்துலயே விபத்து நடந்திருக்கா? – மார்த்தாண்டம் கல்லூரி மாணவி

நடந்திருக்கு. டெல்லி மெட்ரோ மெஜந்தா லைன் 2017 டிசம்பர் 25 திறக்க இருந்துச்சு, அதுக்கு ஆறு நாள் முன்னால காளிந்தி குஞ்ச் டெப்போவுல ஒரு ரயிலு சுவர இடிச்சிக்கிட்டு வெளிய வந்துச்சு. பிரேக்க சரியா செக் பண்ணாம நகத்தினதுன்னு அவங்களே சொன்னாங்க, நல்லவேளை யாருக்கும் அடி இல்ல. கோலாலம்பூர்ல 2021 மே 24 நடந்தது கொடுமை. ரிப்பேர் முடிஞ்சு டெஸ்ட்டுக்காக ஆள் கையால ஓட்டிட்டு வந்த காலி ரயிலு, 213 பேரோட எதிர்ல வந்த ரயில்ல மோதி நிறைய பேருக்கு காயம். அந்த லைன்ல வழக்கமா ரயிலு தானாவே ஓடும், கையால ஓட்டும்போது அந்த தானியங்கி பாதுகாப்பு இல்லாம போயிரும். அதான் ஓடுற லைன்ல டெஸ்ட் பண்ணுறதவிட, திறக்குறதுக்கு முன்னால முடிச்சுக்கிறது நல்லதுன்னு சொல்லுதேன்.

எங்க அம்மைக்கு வீல்சேர்தான். ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் உள்ள இடைவெளிய யாராச்சும் டெஸ்ட் பண்ணுவாங்களா அண்ணே? – வடசேரி வாசகி

கண்டிப்பா பண்ணணும் தங்கச்சி, நீங்க கேட்டது சந்தோஷம். ஆளு ஏறினா ஸ்பிரிங் அமுங்கும், பெட்டி தரை இறங்கும், காலியா இருக்கப்ப சமமா இருந்தது கூட்டத்துல ஒரு படியாயிரும். சக்கரம் தேயத் தேயவும் இறங்கும். அதனால காலியா, பாதி பாரத்துல, முழு பாரத்துலன்னு ஒவ்வொரு கதவுலயும் அளவெடுப்போம், வளைவுல உள்ள ஸ்டேஷன்ல இன்னும் கவனமா.

ஆனா டேப்பு சொல்லுறது ஒண்ணு, ஆள் சொல்லுறது ஒண்ணு. எங்க லைன்ல வீல்சேர்ல ஒரு அக்கா வந்து ஏறிப் பாத்தாவ, அளவு எல்லாம் சரி, ஆனா முன் சக்கரம் சின்னதுல்லா, அது கதவு விளிம்புல உள்ள ரப்பர்ல மாட்டிக்கிட்டு. மூணு தடவ பின்னால போய் வந்து, இது எனக்கு ஆகாதுன்னு சொன்னாவ. ரப்பர மாத்தினாங்க. எடின்பரோவுல 2014ல டிராம் திறக்குறதுக்கு முன்னால பொதுஜனங்களையே கூப்பிட்டு ஏத்தி சோதிச்சாங்க, நம்ம ஊர்லயும் அப்பிடி கூப்பிட்டா அம்மையையும் கூட்டிட்டு போங்க.

நான் கோணம் ஐடிஐல எலக்ட்ரீஷியன் படிக்கேன். இந்த டெஸ்டிங் வேலைக்கு போகணும்னா என்ன கத்துக்கணும்? – நாகர்கோவில் மாணவர்

படிப்பு சரியான படிப்புதான் தம்பி, மெட்ரோ கம்பெனிங்க ஐடிஐ, டிப்ளமா ஆளுங்கள டெக்னீஷியனா எடுக்குறாங்க, அறிவிப்ப பாத்துக்கிட்டே இரு. ராத்திரி வேல, அதுக்கு உடம்ப தயார் பண்ணு. சர்க்யூட் டிராயிங் வாசிக்க இப்பவே பழகு, மல்டிமீட்டர் கையில இருந்தா மட்டும் போதாது, அதுல என்ன வரணும்னு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். கம்பியில கரண்ட் இல்லன்னு யாரு வாயால சொன்னாலும் நம்பாத, நீ டெஸ்ட் பண்ணி எர்த் போட்டுட்டு தொடு.

அப்புறம் லாக் ஷீட், டெஸ்ட்டுல வந்தத எழுதுற தாள். அதுல "ஓகே"ன்னு எழுதாத, என்ன நம்பர் வந்துச்சோ அத எழுது, எத்தன மணி, தண்டவாளம் காஞ்சிருந்துதா நனைஞ்சிருந்துதா, எத்தன மூட்டை பாரம், எல்லாம் எழுது. பென்சில் வேண்டாம், பேனாவுல எழுது, தப்பாயிட்டா ஒரு கோடு அடிச்சு பக்கத்துல கையெழுத்து போட்டு திருத்து.